கருவிக்கு ஓர் இடம்



மரவேலையில் விருப்பமுள்ள இளைஞர் சிலர் வீட்டின் பின்தாழ்வாரத்திலோ மாடிப்படியின் அடியிலோ சிறு பட்டறை ஒன்றை அமைத்துக்கொள்கின்றனர். பாராட்டத்தக்க செயல் அது. ஆனால், கருவிகளை வாங்குவதில் அவர்கள் காட்டும் ஆர்வத்தை அவற்றை வைப்பதில் காட்டுவதில்லை. உளியும் அரமும் திருப்புளியும் குறடும் ஒரே தகரப் பெட்டியில் கிடந்து உருளும். வேண்டியதைத் தேடிக் கிளறும்போதெல்லாம் இரும்போடு இரும்பு மோதும். நெடுநேரம் கல்லில் தீட்டிய உளியின் முனை ஒருமுறை அரத்தின்மேல் உரசினால் போதும், கெட்டுவிடும். முனை மழுங்கிய உளியை மரத்தில் செலுத்த மிகுந்த விசை வேண்டும். மிகுந்த விசையோடு செல்லும் உளி வழுக்கினால் மரத்தைப் பிடித்திருக்கும் கையில்தான் பாயும். ஆகவே, கருவியை எங்கே வைப்பது என்பது விரல்களின் நலத்தையும் பற்றிய கேள்வி. சுவரில் மாட்டி வைப்பதே அதற்குத் தக்க விடை என்பது என் கருத்து.

நம் ஊர்த் தச்சர்கள் கருவிகளைச் சுவரில் மாட்டியவர்களா என்று நீங்கள் கேட்கலாம். வீடுவீடாகச் சென்று வேலை செய்தவர்களுக்குச் சுவர் ஏது? வாய்ச்சி, உளி, இழைப்புளி, கொட்டாப்புளி முதலியவற்றைச் சாக்குப் பையிலிட்டுத் தோளில் சுமந்து செல்வார்கள். வேலையிடம் சேர்ந்ததும் தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கருவிகளைத் தம்மைச் சுற்றி அரைவட்டமாகப் பரப்பிக்கொள்வார்கள். கண் மரத்தைவிட்டு அகலாது. கை மட்டும் நீண்டு வேண்டிய கருவியைத் தொடும். அடிக்கடி எடுப்பது வலக்கைக்கு அருகில் இருக்கும். எப்போதேனும் எடுப்பது தள்ளி இருக்கும். அந்த அரைவட்டத்தை நிமிர்த்திச் சுவரில் நிறுத்தினால் நாம் தேடும் அமைப்பு கிடைத்துவிடும். பெரியது மேலே, சிறியது கீழே என்று அழகுக்காக அடுக்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

அதனால்தான் சுவர்ப்பலகையின் உயரத்தை ஆளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நின்று வேலை செய்பவருக்கு இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட பகுதியே சிறந்தது. தரையில் அமர்ந்து வேலை செய்பவருக்குப் பலகை ஓரடி உயரத்திலேயே தொடங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இங்கே ஒரு சமையலறையைச் சான்றாகக் காட்ட விரும்புகிறேன். அமெரிக்காவில் சமையற்கலை பற்றி எழுதியும் தொலைக்காட்சியில் செய்துகாட்டியும் புகழ்பெற்றவர் ஜூலியா சைல்ட் என்னும் அம்மையார். அவர் ஆறடிக்கு மேல் உயரமுள்ளவர். 1961-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அவருடைய சமையலறையை அமைத்தபோது, வழக்கமாக 36 அங்குலம் இருக்கும் மேடையை அவருக்கென 38 அங்குலமாக உயர்த்தினார்கள். அவருடைய கணவர் பால் சைல்ட் சுவரில் துளைப்பலகைகளைப் பொருத்தி, ஒவ்வொரு பாத்திரத்தின் உருவத்தையும் பலகைமேல் கோடிட்டு வரைந்தார். எந்தச் சட்டி எங்கே தொங்க வேண்டும் என்பதை அந்தக் கோடே சொல்லும். 2001-இல் அச்சமையலறை முழுவதும் வாஷிங்டனிலுள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அளிக்கப்பட்டது.

உருவம் வரைவது விளையாட்டுப்போலத் தோன்றும். ஆயினும், சுவர் அமைப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. பெட்டியில் ஒரு கருவி குறைந்தால் பெட்டி அதைச் சொல்லாது. வரைந்த சுவரோ உடனே சொல்லிவிடும். விமானங்களைப் பழுதுபார்க்கும் கூடங்களில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவில் குழிவெட்டிய தட்டுகள் வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்தபின் ஒரு குழி வெறுமையாய் இருந்தால், அந்தக் கருவி கிடைக்கும்வரை விமானத்தைப் பறக்க விடமாட்டார்கள். இயந்திரத்துக்குள் தங்கிவிட்ட ஒரு திருப்புளி எத்தனை உயிர்களுக்கு உலை வைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நான் முன்பு கணக்கு ஆசிரியனாகப் பணியாற்றிய ஒரு பள்ளியில் மரவேலை வகுப்பு நடந்துவந்தது. கருவிகள் எல்லாம் பெரிய மரப்பெட்டி ஒன்றில் இருந்தன. ஒரு நாள் மாலை, பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்படும் வேளையில், எண்ணிப் பார்த்தபோது அரை அங்குல உளி ஒன்று குறைந்தது. எப்போது குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. வகுப்பில் தச்சர் வீட்டுப் பிள்ளை ஒருவன் இருந்தான். உளியால் பயன் அவனுக்குத்தானே என்று யாரோ சொல்ல, எல்லோர் முன்னிலையிலும் அவனுடைய பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். இரண்டு நோட்டுகளும் ஒரு சோற்றுப் பாத்திரமும் விழுந்தன. மூன்றாம் நாள் மரச்சீவல்களைக் கூட்டி அள்ளியபோது மேசைக் காலடியில் அந்த உளி கிடைத்தது. பையன் பள்ளிக்கு வருவதை நிறுத்தவில்லை; மரவேலை வகுப்புக்கு மட்டும் பிறகு வரவே இல்லை. அந்த வகுப்பிலேயே உளி பிடிக்கத் தெரிந்த கை அவனுடையதுதான்.

அடுத்த மாதமே கைத்தொழில் ஆசிரியர் சுவரில் பலகை பொருத்தி, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கறுப்பு வண்ணத்தால் எழுதினார். அதன்பின், மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே வகுப்பு முழுவதும் சுவரைத் திரும்பிப் பார்க்கும். வெறுமையாய் நிற்கும் உருவம் எது என்பதைக் கடைசி வரிசைப் பையனும் சொல்லிவிடுவான். எல்லோரும் அங்கே இருக்கும்போதே தேடுவார்கள். பெரும்பாலும் ஏதேனும் ஒரு மேசையடியில் அது கிடைக்கும். பைகளைச் சோதிக்க வேண்டிய தேவை பிறகு எழவில்லை.

கருவிகளை அடுக்கும் கலையில் உலகப் புகழ்பெற்ற பொருள் ஒன்று உண்டு. மாசசூசெட்ஸில் குவின்சி என்னும் ஊரில் பியானோ செய்யும் தொழிலில் இருந்த ஹென்றி ஸ்டட்லி (1838-1925) தம் கருவிகளுக்கென ஒரு சுவர்ப்பெட்டி செய்தார். மூடினால் ஏறத்தாழ 40 அங்குல உயரமும் 20 அங்குல அகலமுமே உள்ள அப்பெட்டியில் இருநூறுக்கும் மேற்பட்ட கருவிகள் அடங்கியுள்ளன. கதவுபோல் திறக்கும் அடுக்குகளுக்குப் பின்னே மேலும் அடுக்குகள். கருங்காலி மரமும் முத்துச்சிப்பியும் இழைத்த வேலைப்பாடு. படத்தில் பார்த்தாலும் வியப்பு அடங்காது. ஆயினும், தொடக்க மாணவர் அதனைப் பின்பற்ற வேண்டா என்பேன். ஒவ்வொரு கருவியும் தனக்கென வெட்டிய இடத்தில் மட்டுமே பொருந்துகிறது. ஸ்டட்லி தம் தொழிலை முழுதும் அறிந்தவர். இன்னது வேண்டும், இன்னது வேண்டா என்று முடிவு செய்துவிட்டவர். நீங்களோ அடுத்த ஆண்டு என்ன கருவி வாங்குவீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. உங்கள் சுவர் வளர வேண்டிய சுவர்.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு நீண்ட பலகையை நெடுக 45 பாகைச் சாய்வில் இரண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியை, அதன் கூரிய விளிம்பு மேலே இருக்க, சாய்ந்த முகம் சுவரை நோக்க, சுவரில் பொருத்த வேண்டும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஆப்பு வடிவில் ஒரு பள்ளம் உண்டாகும். மற்றொரு பாதியிலிருந்து வேண்டிய அளவு துண்டை வெட்டி, கருவியைத் தாங்கும் மரத்தின் முதுகில் தலைகீழாகப் பொருத்தினால் அது அப்பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். கருவியின் எடையே தாங்கியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும். மேலே தூக்கினால் தாங்கி கையோடு வந்துவிடும். வேறோர் இடத்தில் மாட்டலாம். சட்டத்தைப் பொருத்தும்போது செங்கல்வரை துளையிட்டு, பிளாஸ்டிக் உறை செருகித் திருகாணியை முடுக்குங்கள். காரைப்பூச்சை நம்பி அடித்த ஆணி கருவியோடு சேர்ந்து கீழே வரும்.

நம் நாட்டுச் சுவர்களிடம் ஒரு குறை உண்டு: மழைக்காலத்தில் ஈரம் கசியும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 60 பங்கைத் தாண்டினாலே இரும்பில் துரு விரைந்து பற்றும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். அங்கே உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். எனவே, கருவி எதுவும் சுவரைத் தொடக்கூடாது. பலகைக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குலமாவது காற்றோட்டம் வேண்டும். கறையான் ஏறினாலும் அந்த இடைவெளியில் அது கட்டும் மண்கூட்டை டார்ச் விளக்கு அடித்துப் பார்த்துவிடலாம். தையல் இயந்திர எண்ணெயில் நனைத்த துணி ஒன்றும் பலகையிலேயே தொங்கட்டும்.

இனி, கருவிகள் சிலவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இழைப்புளி கனமானது, இரும்பாலானது 2 கிலோவுக்கு மேலும் இருக்கும். அதைத் தலைக்கு மேலே மாட்டாதீர்கள். இடுப்பு உயரத்தில் சற்றே சாய்ந்த தட்டில் படுக்க வையுங்கள். தட்டின் குறுக்கே மெல்லிய சட்டம் ஒன்றை வைத்து முன்பகுதியைச் சிறிது உயர்த்தினால் அலகு மரத்தில் படாது. ரம்பத்தை மாட்டுமுன் அதன் பற்களுக்கு நெடுகப் பிளந்த ரப்பர்க் குழாய் ஒன்றை உறையாக இடலாம். உளிகளுக்குத் துளையிட்ட தட்டு வேண்டும். துளை மட்டும் இருந்தால் ஒவ்வொரு முறையும் உளியின் முழு நீளத்தையும் தூக்கியாக வேண்டும். துளையிலிருந்து தட்டின் முன்விளிம்புவரை, அலகு நுழையும் அளவுக்கு ஒரு வாய் வெட்டிவிட்டால், சற்றே உயர்த்தி முன்னால் இழுக்கலாம். கீழே நீட்டி நிற்கும் முனைகளுக்கு முன்னால் ஒரு மறைப்புப் பலகை கட்டாயம் வேண்டும். 6, 12, 18, 25 மில்லிமீட்டர் என்று அகல வரிசையில் நிறுத்தினால், பிடிகள் ஒன்றுபோல் இருந்தாலும் கை ஏமாறாது. காந்தப் பட்டையில் உளியை ஒட்டவைக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. ஒட்டும்போது முனை இடிபடுகிறது, இரும்புத் தூளும் வந்து ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் உளி, ரம்பம், வாய்ச்சி ஆகிய மூன்றும் பூட்டுள்ள சுவர்ப்பெட்டிக்குள் இருக்கட்டும். கைக்கு எட்டும் வசதியை அங்கே விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

பலகை பொருத்திய அன்றே வண்ணம் எழுதிவிட வேண்டா. முதலில் சுண்ணக்கட்டியால் உருவங்களை வரைந்து, ஒரு மாதம் வேலை செய்து பாருங்கள். மூலைமட்டத்தைத் தேடிக் கை எந்தப் பக்கம் தானாகப் போகிறது, எந்தக் கருவியை எடுக்கும்போது முழங்கை ரம்பத்தில் இடிக்கிறது என்பவை அதற்குள் தெரிந்துவிடும். இடங்களை மாற்றி, கோடுகளை அழித்து, மீண்டும் வரைந்து, கை பழகிய பிறகு தூரிகையை எடுங்கள். பலகையில் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாகவே விட்டுவையுங்கள்.