கூலியைத் தின்னும் வழிச்செலவு



ஏழை நாடுகளுக்குப் போக்குவரத்து அறிவுரை வழங்கும் வல்லுநரிடம் நெடுநாளாக ஒரு கணக்கு உண்டு. புதிய சாலையால் ஒருவர்க்கு ஒரு மணி நேரம் மிச்சமாயின், அம் மணிக்கு அவர்தம் வருவாயை ஒட்டியே விலையிடுவர். திங்களுக்கு ஓர் இலக்கம் உருவா ஈட்டுவோன் மணி பொன்மணி. பத்தாயிரம் ஈட்டும் வீட்டுவேலைப் பெண்ணின் மணி அதில் பத்திலொரு பங்கு! நடந்து செல்வோர் நேரமோ பல அறிக்கைகளில் கணக்கிலேயே ஏறுவதில்லை. இக் கணக்கில் மேம்பாலம் முந்துவதும் பேருந்து பிந்துவதும் வியப்பன்று. 2002-இல் உலக வைப்பகமே தன் நகர்ப்போக்குவரத்து மறு ஆய்வில் ஏழையர் நிலையை முன்வைத்து எண்ணவேண்டுமென எழுதிற்று. எழுதியது ஆங்கிலத்தில், நிறுத்தத்தில் காத்து நிற்கும் தாய்க்கு அஃது எட்டுமா?

தாம்பரத்தார்க்கு இவ்வுண்மையை அறிய அயல்நாட்டு அறிக்கை வேண்டுவதில்லை. 1931 மே 11-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 30 கிலோமீற்றர். குடிக்கூலி குறைந்த ஊரில் வாழ்ந்து, வேலை மிகுந்த ஊரில் உழைக்க அத் தடம் இடந்தந்தது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் அத் தடத்தையொட்டியே பெருகின.

அதே தென்புறத்தில் பின்னர் நிகழ்ந்ததைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி. அதன்பின் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுடன் பெரும்பாக்கம். மூன்றிலும் தொடர்வண்டி நிலையம் இல்லை. 2015 வெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டன. முன்பு அப் பெண்கள் காலையில் இரு வீடுகளில் வேலை முடித்து, நடந்தே குடிசைக்கு வந்து, பிள்ளைகட்குச் சோறாக்கிவிட்டு, மாலையில் மீண்டும் செல்வர். பெரும்பாக்கத்திலிருந்து அஃது இயலுமா? வீடு கிடைத்தது, வேலை போயிற்று. ஆண்களுக்கோ வேளச்சேரிக்கோ தாம்பரத்துக்கோ பேருந்துக் கட்டணம் ஒன்று. அங்கிருந்து தொடர்வண்டிக் கட்டணம் மற்றொன்று.

2021 மே 8 முதல் எளிய கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். அதனால் ஒரு பெண்ணுக்குத் திங்களுக்கு ஏறத்தாழ 888 உருவா மிச்சமாகிறதென்று மாநிலத் திட்டக்குழு ஆய்ந்துரைத்தது. இதைக் கையூட்டென எள்ளுவார் உளர். தம் ஊர்திக்கெனப் பொதுப்பணத்தில் எழுந்த மேம்பாலத்தை அவர் அவ்வாறு எள்ளியதுண்டா? ஆயினும் அவ்வுரிமை உயர்கட்டணப் பேருந்தில் இல்லை, தொடர்வண்டியிலும் இல்லை. உரிய பேருந்து வரும்வரை அப் பெண் நின்றே ஆகவேண்டும். அந் நேரத்துக்கும் எவரும் விலையிடுவதில்லை.

2023 திசம்பர் 30-இல் கிளாம்பாக்கத்தில் மாபெரும் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே தொடர்வண்டித் தடம் ஓடுகிறது. திறந்த அன்று அங்கு நிலையம் இல்லை! வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, மூட்டையுடனும் குழந்தையுடனும் வரவேண்டியதாயிற்று. முனையத்தை வரைந்த கை, அதன் அருகே ஓடும் தண்டவாளத்தை ஏன் காணவில்லை?

ஆகலின், கேட்க வேண்டியது ஒன்றுண்டு. இனி எக் குடும்பத்தை எங்குப் பெயர்ப்பதாயினும், வேலையிடத்துக்குச் சென்றுவர ஆகும் நேரத்தையும் கட்டணத்தையும் வீட்டு ஒதுக்கீட்டு ஆணையிலேயே தமிழில் எழுதித் தரவேண்டும். திறவுகோல் கொடுக்கும் நாளிலேயே விடியல் ஐந்து மணிப் பேருந்தும் அத் தெருவிலிருந்து புறப்பட வேண்டும்.