பூட்டின கேற்றும் பிள்ளை பார்க்கப் போன அம்மம்மாவும்



யாழ்ப்பாணத்துப் புத்தூர்ச் சந்தியில் நிற்கிற ஒருவரிடம் இந்த ஊரில் ஆட்கள் குறைகிறார்கள் என்று சொன்னால் நம்பமாட்டார். பருத்தித்துறை வீதியில் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் ஓய்வதில்லை. நிலாவரைக் கிணறு பார்க்கத் தெற்கிலிருந்து வருகிற சுற்றுலா வாகனங்கள் வேறு. ஒழுங்கைகளுக்குள் இறங்கி நடந்தால்தான் விஷயம் தெரியும். மாபிள் பதித்த புது வீடு, மேல்மாடி, பெரிய கேற். கேற்றில் பூட்டு. பூட்டில்லாத வீடென்றால் உள்ளே எழுபது தாண்டிய இரண்டு பேர், அல்லது ஒருவர்.

உலகம் முழுக்கப் பிள்ளைப் பிறப்புக் குறைகிறது என்று இப்போது எல்லாரும் கதைக்கிறார்கள். 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டது. இந்த நூற்றாண்டின் எண்பதுகளில் அது சுமார் 1030 கோடிவரை ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2024இல் கணித்தது. ஒரு தலைமுறைக்குப் பதிலாக அதே அளவில் இன்னொரு தலைமுறை வரவேண்டுமானால் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 பிள்ளைகள் வேண்டும். தென்கொரியாவில் அது 2023இல் 0.72. தமிழ்நாட்டில் 2019-21 குடும்பநல ஆய்வின்படி 1.8. இலங்கையில் 2016இல் 2.2 இருந்தது. பிறப்புகளின் எண்ணிக்கை விழுந்த வேகம்தான் ஆச்சரியம். 2013இல் நாடு முழுவதும் 3 இலட்சத்து 65 ஆயிரம் பிறப்புகள் பதிவாயின. 2024இல் 2 இலட்சத்து 30 ஆயிரமும் இல்லை. இடையில் கொரோனா வந்தது, 2022இல் பொருளாதாரம் விழுந்தது, பால்மா வரிசை வந்தது. பிள்ளை பெறுவதைத் தள்ளிவைத்தவர்கள் பலர். அவர்களில் எத்தனை பேர் தள்ளிவைத்ததை மீண்டும் எடுப்பார்கள் என்பதைப் போகப்போகத்தான் பார்க்கவேண்டும்.

பழைய கதைக்கு வருவோம். எங்கள் பாட்டன் பாட்டிமார் ஏழு, எட்டுப் பெற்றார்கள். ஏன் பெற்றார்கள்? இந்தப் பக்கத்துச் செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் வைத்தவர்களுக்கு இறைப்பென்றால் என்னவென்று தெரியும். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடித்து ஊற்ற ஒருவர், வாய்க்காலில் தண்ணீர் மாற ஒருவர். விடியற்புறம் தொடங்கி வெயில் ஏறும்வரை. கூலிக்கு ஆள் பிடிக்கக் கட்டாது. வீட்டில் பொடியன்கள் நாலு பேர் இருந்தால் தோட்டம் ஓடும். பிறகு தண்ணீர் இறைக்கும் மிசின் வந்தது. மூன்று பேர் செய்த வேலையை ஒரு மிசினும் ஒரு ஆளும் செய்தார்கள். தோட்டத்தில் நின்ற பிள்ளை பள்ளிக்கூடம் போனது. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி அந்தப் பிள்ளையைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுபோனது. அதன் பிறகு பிள்ளை வருமானம் கொண்டுவரும் கை அல்ல. செலவு கேட்கும் வாய். ரியூசன் காசு கட்டும் பெற்றோருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் பெற்றதெல்லாம் தங்கவில்லை. 1946இல் இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 ஒரு வயதுக்கு முன்னே இறந்தன. அடுத்த ஆண்டே அது 101 ஆயிற்று. மலேரியாவுக்கு டிடிரி அடித்ததும், கிராமங்களுக்கு மருத்துவமாதர் போனதும், கிளினிக்குகள் திறந்ததும் சேர்ந்து செய்த வேலை. இன்று ஆயிரத்துக்குப் பத்தும் இல்லை. புத்தூரில் மெதடிஸ்த மிசனின் சென் லூக்ஸ் வைத்தியசாலை நூறாண்டுக்கு மேலாக நிற்கிறது. இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கென்றே எழுந்தது. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த வீட்டில் எட்டுப் பெறவேண்டிய தேவை இல்லாமற் போனது. 1953இல் இலங்கைக் குடும்பத் திட்டமிடல் சங்கம் தொடங்கியது. அதில் முன்னின்று உழைத்தவர் மகப்பேற்று மருத்துவர் சிவா சின்னத்தம்பி, ஒரு தமிழ்ப் பெண். 1961இல் கருத்தடை மாத்திரையை இங்கே முதலிற் பரிசோதித்துப் பார்த்த பணியை நடத்தியவரும் அவரே. அவருடைய பெயர் இன்று யாழ்ப்பாணத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆக, பிள்ளை குறைந்ததில் பாதி எங்கள் வெற்றி. இதை முதலில் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் கலியாண வீடுகளில் காதில் விழுவது வேறு. “இப்பத்தப் பெட்டையளுக்குப் படிப்பும் உத்தியோகமும் வந்ததுதான் வினை” என்கிறார்கள். முப்பது வயதுவரை சீதன வீடு கட்டிக் காத்திருந்த பெண்களைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை.

மற்றப் பாதி வேறு கதை. இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 1981 குடிசன மதிப்பீட்டில் ஏறக்குறைய 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர். அதன் பிறகு முழுமையாகக் கணக்கெடுக்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. 2012இல் எண்ணியபோது 5 இலட்சத்து 83 ஆயிரம். அதே காலத்தில் முழு நாட்டின் தொகை 1 கோடி 48 இலட்சத்திலிருந்து 2 கோடி 3 இலட்சமாகக் கூடியது. நாடு 55 இலட்சம் கூட, யாழ்ப்பாணம் ஒன்றரை இலட்சம் குறைந்தது. இது பிள்ளை பெறாததால் வந்த குறைவல்ல. 1983க்குப் பிறகு போனவர்கள், 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது போய்ப் பிறகு திரும்பாதவர்கள், போரிற் செத்தவர்கள், காணாமற் போனவர்கள். இருபதிலும் முப்பதிலும் இருந்தவர்கள்தான் அதிகம் போனார்கள். அவர்களுக்குப் பிறந்திருக்கவேண்டிய பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் பிறந்தார்கள்.

இதன் விலையை நாடாளுமன்றக் கதிரைகளிற் பார்க்கலாம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு, கிளிநொச்சியும் சேர்த்து, 2010இல் 9 உறுப்பினர்கள். 2015இல் 7. 2024இல் 6. இதைக் காட்டி, தமிழர் கூடப் பிள்ளை பெறவேண்டும் என்று மேடையிற் பேசுபவர்கள் உண்டு. தமிழ்நாட்டிலும் தொகுதி மறுசீரமைப்பில் இடம் குறையும் என்ற அச்சத்தில், புதுமணத் தம்பதிகள் தாமதிக்காமற் பிள்ளை பெறுங்கள் என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2025இல் ஒரு கலியாண மேடையிற் கேட்டார். ஆனால் கணக்கைப் பாருங்கள். இங்கே கதிரைகள் பதிவான வாக்காளர் தொகையைப் பொறுத்தவை. வாக்குரிமை பதினெட்டு வயதில் வருகிறது. 2013இல் பிறக்காத பிள்ளைக்கு 2024இல் வாக்கு இருந்திருக்காது. எங்களுக்குக் குறைந்த மூன்று கதிரைகளும் பெரும்பாலும் விமான நிலையம் வழியாகப் போனவை. பிள்ளை பெறாத பெண்ணின் தலையில் அதைக் கட்டுவது அநியாயம்.

கேட்டால் பெறுவார்களா என்பதும் சந்தேகம். சிங்கப்பூர் 1970களில் இரண்டோடு நிறுத்துங்கள் என்றது; மக்கள் நிறுத்தினார்கள். 1987இல் முடிந்தால் மூன்றும் அதற்கு மேலும் பெறுங்கள் என்றது. காசும் கொடுத்தது, வீட்டில் முன்னுரிமையும் கொடுத்தது. 2023இல் அங்கே விகிதம் 0.97. நிறுத்தச் சொன்னதைக் கேட்ட சனம் தொடங்கச் சொன்னதைக் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. முன்பு பிள்ளையை வளர்த்தது தாய் மட்டுமல்ல. அம்மம்மா, பெரியம்மா, பக்கத்து வளவுச் சின்னம்மா எல்லாரும்தான். இன்று அம்மம்மா எங்கே என்று கேட்டால், “கனடாவுக்குப் பிள்ளை பார்க்கப் போயிருக்கிறா” என்பார்கள். பெற்றோர் நீண்டகாலம் தங்குவதற்கான சுப்பர் விசாவை 2011இல் கனடா கொண்டுவந்த பிறகு இது இன்னும் இலகுவாயிற்று. மூத்த மகளின் பிள்ளையை ஸ்காபறோவில் அம்மம்மா பார்க்கிறா. இங்கே வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை செய்யும் இளைய மகள் தன் கைக்குழந்தையை யாரிடம் விடுவதென்று தெரியாமல் நிற்கிறாள். முன்பள்ளி மத்தியானத்தோடு மூடிவிடும். அவள் இரண்டாவது பிள்ளையைப் பற்றி யோசிப்பாளா? பால்குடி மறந்த பிள்ளையை மாலைவரை வைத்திருக்க நம்பிக்கையான ஓர் இடம் இருந்தால், மேடைப் பேச்சு நூறு செய்யாததை அது செய்யும்.

மறுபுறம் முதியவர்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் 2012இல் இலங்கையில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் இருந்தார்கள்; 2024 கணக்கெடுப்பில் பன்னிரண்டைத் தாண்டிவிட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளிடமிருந்து காசு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் இரவு மூச்சடைத்தால் ஆட்டோவுக்கு அடிக்க ஒரு ஆள் வேண்டும். கிளினிக்கில் நம்பர் எடுத்து வரிசையில் நிற்க ஒரு ஆள் வேண்டும். செத்தவீட்டை நேரலையில் உலகமெல்லாம் பார்க்கிறார்கள். பாடையைத் தூக்கத் தோள் தேடவேண்டியிருக்கிறது. தோட்டத்திலும் இதே தட்டுப்பாடுதான்; வெங்காயம் கிண்டும் நாளில் ஆள் பிடிக்கப் படும் பாட்டைத் தோட்டக்காரரைக் கேளுங்கள்.

பழைய மலாயன் பென்சனியர் ஒருகாலத்தில் கோலாலம்பூரில் உழைத்துவிட்டு ஊருக்கு வந்து வீடு கட்டிக் குடியிருந்தார்கள். இப்போது கட்டுகிறவர்கள் குடியிருப்பதில்லை. அவர்களில் யாராவது இந்த உரையை இணையத்திற் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பத்தாண்டுக்கு ஒப்பந்தம் எழுதி, பிள்ளைகளுக்கான பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கோ முதியோர் பகல் நிலையத்துக்கோ கொடுங்கள். வளவையும் கிணற்றையும் குத்தகைக்கு விடுங்கள். ஒரு இளம் குடும்பம் தோட்டம் செய்யட்டும். ஊரில் இருப்பவர்கள் இந்தக் கோரிக்கையைப் பிரதேச சபை உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள். நிலையத்தில் வேலைக்கு நிற்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பு சபைக்கும் அரசாங்கத்துக்கும் உரியது. அதைக் கேட்டு வாங்குங்கள்.