குப்பையும் குழந்தையும்

(காஞ்சிபுரத்தில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



வீட்டுக் குப்பையைப் பற்றிச் சிறு பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். குப்பைக்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் முதல் சாதிப் பாடம் குப்பைக் கூடையின் பக்கத்தில்தான் நடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளை படிக்கச் சோம்பினால் நாம் என்ன சொல்லுகிறோம்? "படிக்காவிட்டால் குப்பை அள்ளத்தான் போவாய்" என்கிறோம். வாசலில் கிடப்பதை எடுக்கப் போனால், "சீ, தொடாதே! அவர்கள் வந்து எடுப்பார்கள்" என்கிறோம். அந்த "அவர்கள்" யார் என்று நாம் விளக்குவதில்லை. ஆனாலும் பிள்ளை புரிந்து கொள்ளுகிறது. போடுகிறவன் மேல், எடுக்கிறவன் கீழ் என்று அதன் மனதில் பதிந்து போகிறது. பிறகு பள்ளிக்கூடத்தில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று படம் போட்டுக் காட்டி என்ன பயன்?

பழையதைப் புதிதாக்கும் வித்தையை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அசல் சரிகை என்பது என்ன? பட்டு இழையின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியதுதானே! அதனால்தான் பாட்டியின் பட்டுப் புடவை நைந்து போனாலும் யாரும் தெருவில் எறிவதில்லை. பழைய புடவை வாங்குகிறவர் சரிகையை உரசிப் பார்த்து விலை சொல்லுகிறார். எரித்து உருக்கினால் வெள்ளி திரும்பி வருகிறது. அந்த வெள்ளி மறுபடியும் சரிகையாகிப் பேத்தியின் புடவையில் ஏறலாம். பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

மற்ற தேசத்தாரும் இப்படித்தான் கற்றுக் கொண்டார்கள். இங்கிலாந்தில் பெஞ்சமின் லா என்பவர் 1813இல் கம்பளிக் கந்தலைப் பிய்த்து, புதுக் கம்பளியோடு கலந்து துணியாக்கினார். பாரிசில் பூபெல் என்ற அதிகாரி 1883இல் ஓர் உத்தரவு போட்டார். அழுகும் குப்பை தனி, காகிதமும் கந்தலும் தனி, கண்ணாடியும் பீங்கானும் தனி என்றார். இன்றைக்குப் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு அவர் பெயரே பெயர்! நம் நாட்டிலும் வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016இல் விதி வந்தது.

ஏன் பிரிக்க வேண்டும்? காய்கறித் தோல் தனியே இருந்தால் எரு. காகிதம் தனியே இருந்தால் சரக்கு. இரண்டும் கலந்தால்தான் நாற்றம். மீந்த சோற்றுக்குள் உடைந்த கண்ணாடியைப் போட்டுக் கட்டினால், யாரோ ஒருவருடைய கை கிழிகிறது. அந்தக் கையும் ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டும் கைதானே!

2019இல் இதே ஊரில் அத்திவரதரைக் குளத்திலிருந்து எடுத்து 48 நாள் வைத்தார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்கள் புண்ணியத்தை எடுத்துக் கொண்டு போனார்கள். குப்பையை இங்கே விட்டுப் போனார்கள். அதை அள்ளியவர்களுக்கு எந்தப் பங்கு புண்ணியம் கிடைத்தது என்று யாராவது கேட்டோமா?

ஆகையால் நான் கேட்டுக் கொள்ளுவது இவ்வளவுதான். பிள்ளை தன் கையாலேயே குப்பையைப் பிரிக்கட்டும். பெண் பிள்ளையிடம் மட்டும் விளக்குமாற்றைக் கொடுக்காதீர்கள். ஆண் பிள்ளையும் பெருக்கட்டும். கண்ணாடியையும் பிளேடையும் காகிதத்தில் மடித்துத் தனியே கொடுக்கட்டும். குப்பை வாங்க வருகிறவரை "அம்மா", "அண்ணா" என்று மரியாதையாக அழைக்கட்டும். ஆனால் மரியாதை மட்டும் வயிற்றை நிரப்பாது. அவர்களுக்குக் கையுறையும் நியாயமான கூலியும் வேண்டும் என்று கேட்பது பெரியவர்களாகிய நம் கடமை.

நான் சொன்னவற்றை உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து பாருங்கள். சரியென்று பட்டால் இன்று ராத்திரி உங்கள் வீட்டுக் கூடையிலிருந்தே தொடங்குங்கள் என்று கேட்டுக் கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.