பிரெஞ்சுப் பள்ளியும் சமயச் சின்னமும்



மேலைநாடுகளின் அரசியலை இன்று கலக்கிவரும் பூசல்கள் பல. குடியேறி வந்தவர் எப்போது அந்நாட்டவர் ஆகிறார், நாட்டின் பண்பாடு என்று எதைச் சொல்வது, சமயத்துக்குப் பொதுவாழ்வில் எவ்வளவு இடம் தருவது என்றெல்லாம் அங்கே ஓயாது வாதிடுகிறார்கள். அத்தனையையும் ஒரே சொற்பொழிவில் அடக்க முயல்வது பேதைமை. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளிக்கூடத்தில் கழித்தவன் ஆதலால், பள்ளி வாயிலில் தொடங்கி ஒரு நாட்டையே இரண்டுபடச் செய்த ஒரு பூசலை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

1989-ஆம் ஆண்டு பிரெஞ்சு மக்களுக்கு ஒரு விழா ஆண்டு. அவர்களுடைய பெரும்புரட்சி நிகழ்ந்து இருநூறு ஆண்டுகள் நிறைவெய்தியதை அவ்வாண்டு ஜூலைத் திங்களில் கோலாகலமாகக் கொண்டாடினார்கள். கோடை விடுமுறை கழிந்து பள்ளிகள் திறந்தன. பாரிஸ் மாநகருக்கு வடக்கே கிரேய் என்றொரு நகரம். அங்குள்ள நடுநிலைப் பள்ளியில் பயின்ற மூன்று முஸ்லிம் மாணவியர், தலையை மூடும் துணியை வகுப்பினுள்ளும் அகற்ற மறுத்தனர். பள்ளி முதல்வர் அவர்களை வெளியேற்றினார். அவ்வளவே நிகழ்ச்சி. ஆயினும் சில வாரங்களுக்குள் அது நாட்டின் முதன்மைச் செய்தி ஆயிற்று. பெர்லின் சுவர் வீழ்ந்த அதே இலையுதிர் காலத்தில், பிரெஞ்சுப் பத்திரிகைகள் மூன்று சிறுமியரின் தலைத்துணியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒரு முழத் துணிக்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று நீங்கள் கேட்பீர்கள். அதை அறிய நாம் நூறு ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாட்டில் இரண்டு பிரெஞ்சு நாடுகள் இருந்தன எனலாம். ஒன்று கத்தோலிக்கத் திருச்சபையையும் பழைய முடியரசையும் போற்றியது. மற்றொன்று புரட்சியையும் குடியரசையும் போற்றியது. இரண்டும் போரிட்ட களங்களுள் தலையாயது பள்ளிக்கூடம். குழந்தையின் மனத்தை யார் ஆள்வது என்பதே வழக்கு. கல்வி அமைச்சராக இருந்த ஜூல் ஃபெரி என்பவர் 1881-இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார். 1882-இல் ஆறு வயது முதல் பதின்மூன்று வயது வரை அதைக் கட்டாயமாக்கி, அரசுப் பள்ளிப் பாடத்திலிருந்து சமய போதனையை நீக்கினார். அதன் இடத்தில் ஒழுக்கப் பாடமும் குடிமைப் பாடமும் வந்தன. பெற்றோர் விரும்பினால் பள்ளிக்கு வெளியே சமயம் கற்பிக்கலாம். அதற்கென ஞாயிறு நீங்கலாக வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் அளிக்கப்பட்டது.

1883-ஆம் ஆண்டில் ஃபெரி ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆசிரியப் பயிற்சி பெறும் எவரும் படிக்கத் தக்கது அது. மாணவருக்கு ஒரு நெறியைச் சொல்லுமுன், வகுப்பில் அமர்ந்து உன் பேச்சைக் கேட்கும் ஒரே ஒரு தந்தையாவது நேர்மையான மனத்துடன் அதற்கு உடன்பட மறுப்பாரா என்று உன்னையே கேட்டுக்கொள்; மறுப்பார் என்று தோன்றினால் சொல்லாதே; இதுவே அவருடைய அறிவுரையின் கருத்து. அதாவது, அடக்கம் காட்ட வேண்டியவர் மேடைமேல் நிற்கும் ஆசிரியர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னர், யூத இனத்தவரான படைத்தலைவர் டிரைஃபஸ் என்பவர் உளவாளி என 1894-இல் பொய்யாகத் தண்டிக்கப்பட்டு, 1906-இல் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெறும் வரை நடந்த போராட்டம் அந்நாட்டின் பிளவை மேலும் ஆழமாக்கியது. அதன் கொதிப்பு அடங்காத நாளில், 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், திருச்சபையையும் அரசையும் பிரிக்கும் சட்டம் பிறந்தது. அதன் முதல் விதி மனச்சான்றின் சுதந்திரத்தை உறுதி செய்கிறது, வழிபாட்டுரிமைக்குக் காப்பளிக்கிறது. இரண்டாம் விதி, குடியரசு எந்தச் சமயத்தையும் அங்கீகரிக்காது, எதற்கும் ஊதியமோ மானியமோ வழங்காது என்கிறது. பிரெஞ்சுக்காரர் இதனை ‘லாயிசிதே’ என்ற சொல்லால் பெருமையுடன் குறிக்கின்றனர். வியப்பு என்னவெனில் அச்சொல் அச்சட்டத்தில் ஓரிடத்தும் இல்லை. நாம் சமயச் சார்பின்மை என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் எல்லாச் சமயங்களையும் அரசு ஒருங்கே மதிப்பது என நாம் அதற்குக் கொள்ளும் பொருள் வேறு. எல்லாவற்றினின்றும் அரசு விலகி நிற்பது என அவர்கள் கொள்ளும் பொருள் வேறு.

அச்சட்டம் விவாதத்தில் இருந்தபோது ஒரு சுவையான நிகழ்ச்சி. பாதிரிமார் தம் நீண்ட அங்கியைத் தெருவில் அணியக் கூடாதெனத் தடுக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். சட்டத்தை அவையில் நடத்திச் சென்ற அரிஸ்தித் பிரியான் அதை ஏற்கவில்லை. சுதந்திரம் வழங்க வந்த சட்டம் உடையைத் தடுக்கப் புகுவது நகைப்புக்கு இடமாகும் என்றார். மேலும், அங்கியைத் தடுத்தால் பாதிரிமாரும் தையற்காரரும் கூடி வேறோர் உடையை விரைவில் கண்டுபிடித்து விடுவார்கள் என்றும் எடுத்துரைத்தார். திருத்தம் தோற்றது. அந்தத் தையற்காரரை நாம் பிறகு சந்திக்கப் போகிறோம்.

சட்டம் எளிதாக நிலைபெறவில்லை. 1906-இல் கோயிற் பொருள்களைக் கணக்கெடுக்கச் சென்ற அதிகாரிகளை மக்கள் எதிர்த்துக் கலகம் விளைத்தனர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பின்னர்ச் சினம் தணிந்தது. அல்சாஸ் பகுதி 1905-இல் ஜெர்மனியின் கையில் இருந்தமையால் அச்சட்டம் அங்கே செல்லவில்லை; இன்றும் அங்கே பாதிரிமாருக்கு அரசே ஊதியம் அளிக்கிறது. 1959-இல் வந்த ஒரு சட்டத்தால், அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அரசு ஊதியம் தருகிறது. அப்பள்ளிகளுள் மிகப் பெரும்பாலானவை கத்தோலிக்கப் பள்ளிகளே. கொள்கையில் கடுமையும் நடைமுறையில் நெகிழ்ச்சியுமாக அந்நாடு வாழப் பழகிக்கொண்டது.

அப்போதுதான் புதிய மாணவர் வந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிரெஞ்சுத் தொழிற்சாலைகளும் கட்டுமானத் துறையும் அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா முதலிய நாடுகளிலிருந்து உழைப்பாளரை அழைத்தன. அவர்கள் சில ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்புவர் என்றே இரு தரப்பும் எண்ணின. 1974-இல் அரசு புதிய உழைப்பாளர் வருகையை நிறுத்தியது, இருந்தவர்கள் திரும்பவில்லை, குடும்பத்தை வரவழைத்தனர். அவர்களுடைய பிள்ளைகள் பிரெஞ்சு மண்ணில் வளர்ந்து, பிரெஞ்சு மொழி பேசி, ஃபெரியின் பள்ளியில் வந்து அமர்ந்தனர். இதற்கிடையில் 1954 முதல் 1962 வரை நடந்த அல்ஜீரிய விடுதலைப் போரின் புண்ணும் ஆறாதிருந்தது. 1958-இல் அல்ஜியர்ஸ் நகரில் முஸ்லிம் பெண்கள் பொதுமேடையில் முக்காட்டை அகற்றும் விழாக்களை ஆட்சியின் சார்பில் நடத்திக் காட்டினார்கள். ஆகவே ‘அதை எடு’ என்று பிரெஞ்சு அதிகாரி சொல்லும்போது, சொல்பவர் செவியில் ஒன்றும், கேட்பவர் செவியில் வேறொன்றுமாக அது ஒலிக்கிறது.

கிரேய் நகரத்து வழக்கில் கல்வி அமைச்சர் லியோனல் ழோஸ்பன், நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமான அரசுப் பேரவையின் கருத்தை நாடினார். 1989 நவம்பர் 27-ஆம் நாள் அது தன் கருத்தை வெளியிட்டது. மாணவர் சமயச் சின்னம் அணிவது தன்னளவில் லாயிசிதேவுக்கு முரணன்று. ஆனால் பிறரை வற்புறுத்தினாலோ, பரப்புரை செய்தாலோ, பாடத்துக்கு ஊறு விளைத்தாலோ தடுக்கலாம் என்றது. நல்ல தீர்ப்பு என்றே நான் கருதுவேன். எனினும் அதன் சுமை யார் தலையில் விழுந்தது? ஒவ்வொரு தலைமையாசிரியரும் வாயிலில் நின்று, இந்தத் துணி வற்புறுத்தலா அன்றா என்று தாமே தீர்ப்பளிக்க நேர்ந்தது. ஓர் ஊரில் ஏற்றதை அடுத்த ஊரில் மறுத்தனர். தெளிவான விதி ஒன்று தாருங்கள் என்று அவர்கள் ஏன் கெஞ்சினார்கள் என்பது அந்த நாற்காலியில் அமர்ந்த எவருக்கும் புரியும்.

2003-இல் குடியரசுத் தலைவர் ழாக் சிராக், பெர்னார் ஸ்தாசி தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். அக்குழுவின் முன் வந்த சாட்சியங்களுள் புறக்கணிக்க முடியாதவை சில இருந்தன. சில குடியிருப்புகளில் தலைமூடாத சிறுமியரை அண்ணன்மாரும் அயலாரும் இழிவாகப் பேசி அச்சுறுத்தினர். அச்சிறுமியர்க்குப் பள்ளியின் தடை ஒரு புகலிடம் என்று சிலர் வாதிட்டனர். வேறு சிலரோ, தாமே விரும்பி அணியும் பெண்ணுக்கு அத்தடை அடக்குமுறை அன்றோ என்றனர். இருவரும் மனச்சான்றின் சுதந்திரம் என்ற ஒரே சொல்லையே எடுத்தாண்டனர்! 2004 மார்ச் 15-ஆம் நாள் சட்டம் பிறந்தது. தேசிய மன்றத்தில் ஆதரவாக 494 வாக்குகள், எதிராக 36. அரசுத் தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை, மாணவர் தம் சமயத்தைப் புலப்படக் காட்டும் சின்னமும் உடையும் அணியலாகாது. சிறிய சிலுவைப் பதக்கம் போன்றவை இருக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு இவ்விதி இல்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஈராக்கில் இரண்டு பிரெஞ்சுப் பத்திரிகையாளரைக் கடத்தியவர்கள், அச்சட்டத்தைத் திரும்பப் பெறுமாறு மிரட்டினர். சட்டத்தை எதிர்த்த பிரெஞ்சு முஸ்லிம் அமைப்புகளே அம்மிரட்டலைக் கண்டித்துத் தம் நாட்டின் பக்கம் நின்றன. மேலை நாட்டு வாதங்களில் அடிக்கடி மறக்கப்படும் செய்தி இது. முதல் ஆண்டில் 639 மாணவர் சின்னத்துடன் வந்ததாகக் கணக்கெடுத்தனர். நடவடிக்கைக்கு முன் மாணவருடன் உரையாட வேண்டும் என்று சட்டமே விதித்திருப்பதால் பெரும்பாலோர் பேச்சில் இணங்கினர் அல்லது வேறு பள்ளியை நாடினர்; 47 பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் மூவர் தலைப்பாகை அணிந்த சீக்கியச் சிறுவர். முக்காட்டை எண்ணி இயற்றிய சட்டம் எவரும் எண்ணாத தலையில் போய் விழுந்தது. அத்தகைய ஒரு சீக்கிய மாணவரின் உரிமை மீறப்பட்டதென ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2012-இல் கூறியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமோ இத்தகைய வழக்குகளில் பிரெஞ்சு அரசின் பக்கமே நின்றது.

அண்டை நாடுகளை ஒரு கணம் பாருங்கள். இங்கிலாந்தில் தலைப்பாகை காரணமாக ஒரு சீக்கியச் சிறுவனுக்குத் தலைமையாசிரியர் ஒருவர் இடம் மறுத்தது சட்டவிரோதம் என 1983-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் 1995-இல் தீர்ப்பளிக்கப்பட்ட வழக்கு பவேரிய வகுப்பறைச் சுவரில் தொங்கும் சிலுவையைப் பற்றியது. மாணவர் உடையைப் பற்றியதன்று. அங்கெல்லாம் கேள்வி, நிறுவனம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது.

இங்கேதான் என் ஐயம். 1882-இலும் 1905-இலும் சட்டம் அடக்கத்தைக் கேட்டது அதிகாரம் உடையவரிடம்: அரசிடம், ஆசிரியரிடம். 2004-இல் அது பலகையில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் அடக்கத்தைக் கேட்டது. இரண்டும் ஒன்றே என்று பிரெஞ்சு அறிஞர் பலர் சொல்கின்றனர். என்னால் ஒப்ப இயலவில்லை. வீட்டின் கட்டிலிருந்து ஒரு பெண்ணை விடுவிக்கப் பள்ளியே கருவி என்றால், அவளைப் பள்ளியிலிருந்து அனுப்பியபின் எஞ்சுவது வீடு மட்டும்தானே?

ஆனால் மறுபுறம் உள்ள கொடுமையையும் மறைக்கக் கூடாது. 2015 ஜனவரி 7-ஆம் நாள் சார்லி எப்தோ என்னும் கேலிப் பத்திரிகையின் அலுவலகத்தில் தீவிரவாதிகள் நடத்திய தாக்குதலில் 12 பேர் மடிந்தனர். 2020 அக்டோபரில் சாமுவேல் பாத்தி என்ற வரலாற்று ஆசிரியர், கருத்துரிமை பற்றிய குடிமைப் பாடத்தில் அப்பத்திரிகையின் கேலிச் சித்திரங்களைக் காட்டினார். புண்படக் கூடியவர் பார்க்க வேண்டியதில்லை என்று முன்கூட்டியே இடமும் அளித்தார். அன்று வகுப்பில் இல்லாத ஒரு மாணவி வீட்டில் பொய் சொன்னாள். தந்தை அதைக் காணொளியாக்கிப் பரப்பினார். அவ்வூரையே அறியாத பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் வந்து, அக்டோபர் 16-ஆம் நாள் பள்ளிக்கு அருகில் ஆசிரியரைக் கொன்றான். ஃபெரி எண்ணிய தந்தை, வகுப்பில் அமர்ந்து கேட்கக்கூடிய தந்தை; வந்து ஆசிரியரிடம் நேரே வினவக்கூடியவர். வகுப்பைக் காணாத ஆயிரம் பேர் கைப்பேசியில் தீர்ப்பெழுதும் காலத்தை அவர் கண்டாரில்லை. அதன்பின் பிரெஞ்சு ஆசிரியர் பலர் சில பாடங்களைத் தொடவே அஞ்சினர். இந்த அச்சம் சட்டம் எதனாலும் நீங்குவதன்று.

2023 ஆகஸ்டில் கல்வி அமைச்சராக இருந்த காப்ரியேல் அத்தால், அபாயா எனப்படும் நீண்ட தளர்ந்த அங்கியையும் பள்ளிகளில் தடுப்பதாக அறிவித்தார். அது சமய உடையா, அரபு நாடுகளின் வழக்க உடையா, வெறும் நீளப் பாவாடையா? சமய உடையே எனக் கொண்டு, செப்டம்பர் 7-ஆம் நாள் அரசுப் பேரவை தடைக்கு இசைந்தது. பள்ளி திறந்த முதல் நாளில் அவ்வுடையுடன் வந்த மாணவியர் 298 பேர்; மாற்ற மறுத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர் 67 பேர். பிரியான் சொன்ன தையற்காரர் தம் வேலையைச் செய்துவிட்டார். மற்றொருபுறம், 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தீண்டாத கத்தோலிக்கத் தனியார் பள்ளிகள் சிலவற்றில், கன்னியாஸ்திரீகள் தொடங்கிய அதே கட்டடங்களில், முக்காடிட்ட முஸ்லிம் மாணவியர் அரசு ஊதியம் பெறும் ஆசிரியரிடம் பாடம் கேட்டு வந்திருக்கின்றனர்.