பழைய பிடிஎஃப் லாரி ஏறின கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே ஒரு எர்ரர் மெசேஜ் பத்திதான். "ஐ கேன்ட் ரைட் ஆன் ஃபைல்." இந்த ஃபைல்ல என்னால எழுத முடியலன்னு கம்ப்யூட்டர் சொல்ற மெசேஜ். லேடெக்ல தீசிஸ் எழுதினவங்க, ரெஸ்யூமே போட்டவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இதைப் பார்த்திருப்பீங்க. கூகுள் பண்ணி, எதையோ மூடித் திறந்து, சரியானதும் மறந்திருப்பீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், அந்த லாரி போற வரைக்கும்.

முதல்ல நான் எங்கேர்ந்து பேசறேன்னு சொல்லிடறேன். எங்க வீடு வள்ளூர்ல. மொட்டை மாடியில நின்னா அனல்மின் நிலையத்தோட புகைபோக்கி தெரியும். மொத்தம் மூணு யூனிட், ஒவ்வொண்ணும் 500 மெகாவாட். ஊர்ப் பெயரைச் சொன்னா தெரியாதவங்களுக்கு அந்த பவர் பிளான்ட்டைச் சொன்னாத்தான் தெரியும். வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்ல. மீஞ்சூர்ல டிரெயின் ஏறினா பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி வர்ற ஸ்டேஷன். அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் சென்னையில ஒரு டைப்செட்டிங் கம்பெனியில இருந்தேன். வெளிநாட்டு அறிவியல் ஜர்னல்கள் நிறைய சென்னையிலயும் புதுச்சேரியிலயும்தான் பக்கம் கட்டப்படுது, அது பலருக்குத் தெரியாது. லேடெக் நான் கத்துக்கிட்டது அங்கேதான்.

உச்சரிப்பு பத்தி ஒரு வார்த்தை. ஆங்கிலத்துல கடைசி எழுத்து எக்ஸ் மாதிரி இருக்கும், ஆனா அது கிரேக்க எழுத்து 'கை'. அதனால டெக்னு சொல்லணும்னு டெக்கை உருவாக்கின டொனால்ட் குனுத்தே எழுதியிருக்கார். 'லேடெக்ஸ்'னு சொன்னா ரப்பர் ஃபேக்டரின்னு நினைச்சுப்பாங்க. சிப்காட்ல நிஜமாவே அப்படி ஒரு தடவை ஆச்சு.

சரி, ஃபேக்டரிக்கு வருவோம். நான் சேர்ந்தது டிஎம்டி கம்பி உருட்டுற ஒரு கம்பெனியோட குவாலிட்டி செக்‌ஷன்ல. பேர் வேண்டாம். அங்கே ஒவ்வொரு லோடோடவும் ஒரு டிசி போகும். ஸ்கூல் டிசி இல்லீங்க, டெஸ்ட் சர்டிஃபிகேட். உலையில ஒரு தடவை உருக்கின இரும்புக்கு ஒரு ஹீட் நம்பர். அந்த ஹீட்டோட கார்பன் எவ்வளவு, சல்ஃபர் எவ்வளவு, இழுத்தா எவ்வளவு தாங்கும், அறுந்து போறதுக்கு முன்னாடி எத்தனை சதவீதம் நீளும், எல்லாம் அதுல இருக்கும். ஐஎஸ் 1786ன்னு ஒரு தர நிர்ணயம் இருக்கு. எஃப்இ 500 ரகம்னா குறைஞ்சது 12 சதவீதம் நீளணும். 500டின்னா 16. பூகம்பத்துல கட்டிடம் படக்குனு உடையாம வளைஞ்சு கொடுக்கணும்னா இந்த நீட்சி முக்கியம். கம்பிக் கட்டுல தொங்குற டேக்ல இருக்கிற ஹீட் நம்பரும் டிசியில இருக்கிற நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் சைட்ல லோடை இறக்க விடுவாங்க.

நான் சேர்ந்தப்போ டிசி எல்லாம் எக்செல்ல போட்டுட்டு இருந்தாங்க. கட்டம் நகரும், டெசிமல் ஓடும், பிரிண்ட்ல ஒரு காலம் அடுத்த பக்கத்துக்குப் போயிடும். "இதை லேடெக்ல பண்ணிடலாம் சார்"னு நான்தான் முந்திரிக்கொட்டையா முன்னாடி போனேன். ஒரு டெம்ப்ளேட் போட்டேன். டேட்டா என்ட்ரி பண்ற அக்கா நம்பர்களை மட்டும் அடிச்சு ஃபைலை சேவ் பண்ணணும். அப்புறம் டெஸ்க்டாப்ல ஒரு பேட்ச் ஃபைல், அதை டபுள் கிளிக் பண்ணா கறுப்பு விண்டோ ஒண்ணு வந்து போகும், ஷேர்டு ஃபோல்டர்ல பிடிஎஃப் வந்துடும். டிஸ்பேட்ச்ல இருக்கிற அண்ணன் தன் மெஷின்லேர்ந்தே அதைத் திறந்து பிரிண்ட் எடுத்துப்பார். எல்லாரும் பாராட்டினாங்க. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துப் போச்சு.

ஒரு நாள் சாயங்காலம். லாரி வெயிட் பிரிட்ஜ்ல நிக்குது. டிஸ்பேட்ச் அண்ணன் டிசியைத் திறந்து பார்த்துட்டு, ஹீட் நம்பர்ல ஒரு இலக்கம் தப்புன்னு போன் பண்றார். அக்கா உடனே திருத்தி, பேட்ச் ஃபைலை ஓட்டிட்டு, "மாத்திட்டேண்ணே, பிரிண்ட் எடுத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்க. அவர் எடுத்தார். கேட் பாஸ் போட்டு லாரி போயிடுச்சு. மறுநாள் காலையில சைட்லேர்ந்து போன்: டேக்ல ஒரு நம்பர், டிசியில ஒரு நம்பர், லோடை இறக்க மாட்டோம். ராத்திரி முழுக்க லாரி அங்கேயே நின்னிருக்கு. வெயிட்டிங் சார்ஜ் ஏறுது. அக்காவுக்கு மெமோ. "நான் மாத்தினேன் சார்"னு அவங்க சொல்றாங்க. கம்ப்யூட்டர்ல பார்த்தா மூல ஃபைல்ல நம்பர் சரியாத்தான் இருக்கு. ஆனா மேல இருக்கிறவங்க சொன்னது, "பிரச்சனை வந்தப்புறம் காலையில மாத்தியிருப்பே."

என்ன நடந்திருக்கும்னு உங்களுக்கு இப்பவே தெரிஞ்சிருக்கும். தப்பைக் கண்டுபிடிச்ச அண்ணனோட ஸ்கிரீன்ல அந்த பிடிஎஃப் திறந்தே இருந்திருக்கு. விண்டோஸ்ல ஒரு புரோகிராம் ஒரு ஃபைலைத் திறக்கும்போது, "நான் வெச்சிருக்கும்போது வேற யாரும் இதுல எழுதக் கூடாது"ன்னு சொல்லித் திறக்கலாம். அடோபி ரீடர் அப்படித்தான் திறக்கும். அது மூடுற வரைக்கும் லேடெக்கால அந்தப் பேர்ல புது பிடிஎஃப் எழுத முடியாது. அப்போதான் அந்த மெசேஜ்.

மெசேஜ் வந்தா அக்கா பார்த்திருப்பாங்களே? இங்கேதான் என் தப்பு. டெக் இந்த மாதிரி இடத்துல சும்மா செத்துப் போகாது. கேள்வி கேக்கும். "வேற ஃபைல் பேர் சொல்லு"ன்னு கேட்டுட்டு காத்திருக்கும். குனுத் இதை எழுத ஆரம்பிச்சது 1970களோட கடைசியில. டெர்மினல் முன்னாடி ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், கேட்டா பதில் சொல்லுவார்ங்கிற நம்பிக்கையில கட்டின புரோகிராம் அது. நான் என்ன பண்ணேன்? கேள்வி வந்தா அக்கா பயந்துடுவாங்கன்னு பேட்ச் ஃபைல்ல 'நான்ஸ்டாப் மோட்' போட்டு வெச்சேன். எதையும் கேக்காதே, ஓடிக்கிட்டே இருன்னு அர்த்தம். சின்ன எர்ரர்னா ஓடிடும். ஆனா எழுதவே இடமில்லைன்னா அந்த மோட்ல அது கேக்க முடியாம நின்னுடும். விண்டோ மூடிடும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஃபோல்டர்ல அதே பேர்ல பழைய பிடிஎஃப் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பிடிஎஃப் வரலைன்னா அண்ணன் உடனே கேட்டிருப்பார். பழையது இருந்ததாலதான் யாரும் கேக்கல.

அக்காவைக் காப்பாத்தினது லாக் ஃபைல். பிடிஎஃப் எழுத முடியலைன்னாலும் லாக் தனி ஃபைல், அதை யாரும் திறந்து வெச்சிருக்கல. அதுல எல்லாம் பதிவாகியிருந்தது. "ஐ கேன்ட் ரைட் ஆன் ஃபைல்", அடுத்து "ஜாப் அபார்ட்டெட், ஃபைல் எர்ரர் இன் நான்ஸ்டாப் மோட்", கடைசியில "நோ அவுட்புட் பிடிஎஃப் ஃபைல் புரொடியூஸ்ட்". ஃபோல்டர்ல தேதி, நேரம் வெச்சு அடுக்கிப் பார்த்தேன். மூல ஃபைலும் லாக்கும் முந்தின நாள் சாயங்காலம் அடுத்தடுத்த நிமிஷம். பிடிஎஃப் மட்டும் அதுக்கு அரை மணி நேரம் முன்னாடி. பிரிண்ட் எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். மெமோவை வாபஸ் வாங்கிக்கிட்டாங்க. சாரின்னு யாரும் சொல்லல. நானும் அன்னைக்குச் சொல்லல. ஒரு வாரம் கழிச்சு, டீ டைம்ல, "அக்கா, அது என் பேட்ச் ஃபைல் தப்பு"ன்னு சொன்னேன். "தெரியும் தம்பி, அன்னைக்கே தெரியும்"னாங்க.

அதனால உங்களுக்கு இந்த எர்ரர் வந்தா முதல்ல பார்க்க வேண்டியது நேரம். லாக் புதுசு, பிடிஎஃப் பழசுன்னா நீங்க பார்த்துட்டு இருக்கிறது போன தடவை வந்தது.

அடுத்தது, யார் கையில இருக்கு? பெரும்பாலும் பிடிஎஃப் வ்யூவர்தான். அதை மூடினா போதும். சுமத்ரா பிடிஎஃப்னு ஒரு வ்யூவர் இருக்கு, இலவசம். அது ஃபைலைப் பிடிச்சு வெச்சுக்காது, புதுசு வந்தா தானே மாத்திக் காட்டிடும். லேடெக் வேலைக்கு விண்டோஸ்ல நான் அதைத்தான் சொல்லுவேன். வ்யூவரை மூடியும் எர்ரர் வந்தா எக்ஸ்புளோரர்ல ப்ரிவ்யூ பேன் திறந்திருக்கான்னு பாருங்க. ஒன்டிரைவ் மாதிரி சிங்க் ஆகுற ஃபோல்டரான்னு பாருங்க. அதுவும் இல்லைன்னா டாஸ்க் மேனேஜர். முன்னாடி ஓட்டின லேடெக் ஒண்ணு ஏதோ ஒரு கேள்வியைக் கேட்டுட்டு, பதில் வராம பின்னாடி காத்துக்கிட்டே இருக்கும், ஃபைலையும் கையில வெச்சுக்கிட்டு. லினக்ஸ்ல இந்த லாக் பிரச்சனை பொதுவா கிடையாது. அங்கே இதே மெசேஜ் வந்தா பர்மிஷனைப் பாருங்க. ஒரு தடவை சூடோ போட்டு ஓட்டியிருந்தா ஃபைல் ரூட் பேர்ல போயிருக்கும்.

நெட்ல ஒரு யோசனை சொல்லுவாங்க, "அட்மினா ரன் பண்ணு"ன்னு. வேண்டாம். ரீடர் பிடிச்சு வெச்சிருக்கிற ஃபைலை அட்மினாலயும் எழுத முடியாது. ஃபேக்டரியில இருக்கிறவங்களுக்கு இது புரியும். மெயின்டனன்ஸ்ல ஒருத்தர் மெஷினோட சுவிட்சைப் பூட்டி, தன் பேர் போட்ட டேகை மாட்டிட்டு உள்ளே இறங்கியிருக்கார்னா, வெளியில நிக்கிறவர் பூட்டை உடைக்க மாட்டார். டேக்ல யார் பேர்னு பார்த்து ஆளைத் தேடிப் போவார்.

இன்னொரு வகை இருக்கு, அதுல யாரும் ஃபைலைப் பிடிச்சிருக்க மாட்டாங்க. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு தமிழ்லயும் இந்தியிலயும் ஒரு பாதுகாப்புக் கையேடு போட்டோம். யூனிகோட் தமிழ்னால ஸீலேடெக்ல பண்ணேன். ஒவ்வொரு அத்தியாயமும் தனி ஃபைலா ஒரு உள் ஃபோல்டர்ல இருந்தது. குப்பை ஃபைல் எல்லாம் தனியா போகட்டும்னு அவுட்புட் டைரக்டரியா 'பில்டு'ன்னு ஒரு ஃபோல்டரைக் கொடுத்தேன். உடனே எர்ரர், ஆனா பிடிஎஃப்ல இல்ல, ஏதோ ஒரு '.ஆக்ஸ்' ஃபைல்ல. இன்க்ளூட் கமாண்ட் போட்டா ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு ஆக்ஸ் ஃபைல் எழுதும். அதை பில்டுக்குள்ள அதே உள் ஃபோல்டர் பேர்ல எழுதப் பார்க்கும். அந்த ஃபோல்டர் அங்கே இல்ல. நான் வெச்சிருந்த டெக் லைவ் அதைத் தானா உருவாக்கல. கையால ஒரு ஃபோல்டர் போட்டேன், முடிஞ்சது. ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம். மெசேஜ்ல எந்த ஃபைல் பேர் இருக்குன்னு முழுசாப் படிச்சிருந்தா அதுவும் மிச்சமாகியிருக்கும்.

ஸீலேடெக்ல மெசேஜோட முகமே வேற. அங்கே பிடிஎஃப்பை எழுதறது பின்னாடி ஓடுற இன்னொரு புரோகிராம், எக்ஸ்டிவிஐபிடிஎஃப்எம்எக்ஸ். பேரைச் சொல்லவே மூச்சு வாங்குது. பிடிஎஃப் திறந்திருந்தா "அனேபிள் டு ஓப்பன்"னு அதுதான் கத்தும். தமிழ்ல வேலை பண்றவங்க இதையும் ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, மேல் ஃபோல்டர்ல போய் எழுதச் சொன்னா, அதாவது ரெண்டு புள்ளி, சாய்கோடு போட்டா, டெக் லைவ் எழுத மறுக்கும். "ஓப்பன் அவுட் எனி ஈக்குவல்ஸ் பி"ன்னு காட்டும். அந்த பி, பாரனாய்டு. யாரோ அனுப்பின டெக் ஃபைலை நீங்க கம்பைல் பண்ணும்போது, அது உங்க கம்ப்யூட்டர்ல வேற எங்கேயாவது போய் எதையாவது அழிச்சு எழுதிடக் கூடாதுன்னு வெச்சிருக்கிற காவல். அதை எடுத்துடலாம்னும் நெட்ல சொல்லுவாங்க. எடுக்காதீங்க. உள்ளேயே கம்பைல் பண்ணி, அப்புறம் ஃபைலை நகர்த்துங்க.

இப்போ என் பேட்ச் ஃபைல் எப்படி இருக்குன்னு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். ஷேர்டு ஃபோல்டர்ல கம்பைல் பண்றதே இல்ல. அக்காவோட மெஷின்ல லோக்கல் ஃபோல்டர்ல. முதல் வேலை, பழைய பிடிஎஃப்பை அழிக்கும். அழிக்க முடியலைன்னா யாரோ வெச்சிருக்காங்கன்னு அர்த்தம், அங்கேயே நின்னு தமிழ்ல சொல்லும். அப்புறம் கம்பைல். லேடெக் எர்ரர் கோட் கொடுத்துட்டு வெளியே வந்தா விண்டோ மூடாது. எல்லாம் சரியா முடிஞ்சாத்தான் ஷேர்டு ஃபோல்டருக்குக் காப்பி ஆகும். அதுவும் அதே பேர்ல இல்ல, திருத்தம் 1, திருத்தம் 2ன்னு நம்பரோட. அதனால டிஸ்பேட்ச் அண்ணன் எதைத் திறந்து வெச்சிருந்தாலும் புதுசு வந்து சேரும். சர்டிஃபிகேட்டோட அடியில கம்பைல் ஆன தேதியும் நிமிஷமும் பொடி எழுத்துல வரும். டேட்டைம்2ன்னு ஒரு பேக்கேஜ் அதைச் செய்யும்.

அந்தப் பொடி எழுத்தை முதல்ல கண்ணாடி போட்டுப் படிக்க ஆரம்பிச்சது வெயிட் பிரிட்ஜ்ல இருக்கிற தாத்தா. இப்போ நேரம் பொருந்தலைன்னா அவர் கேட்டைத் திறக்கிறதில்ல. அவருக்கு லேடெக்னா என்னன்னு இன்னும் தெரியாது.

அவ்வளவுதாங்க. உங்களுக்கு வந்த எர்ரரோட லாக் இருந்தா அனுப்புங்க, ஸ்கிரீன்ஷாட்டா இல்ல, ஃபைலாவே. மறுபடி சந்திப்போம்.