கட்டியை உடைத்த கத்தி

1912. ஆஸ்திரேலியாவின் கில்காண்ட்ரா. தந்தையின் பண்ணையில் கிளிஃபோர்ட் ஹோவர்டு என்ற இளைஞர், நீராவி டிராக்டரின் சுழல்விசையைக் கொண்டு மண்ணைக் கொத்திப் பார்த்தார். கொத்தியது, ஆனால் பக்கவாட்டில் வாரி இறைத்தது. ‘ட’ போல மடங்கிய கத்திகளைச் சிறிய தண்டில் இடைவெளி விட்டுப் பொருத்தியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. 1920இல் காப்புரிமை.

இன்றைய ரோட்டவேட்டரின் பிறப்பு அதுதான்.

மினி டிராக்டரில் மாட்டி ஓட்டினால் தோட்டத்து மண் பொலபொலவென்று ஆகிவிடும். அழகாக இருக்கிறதே என்று ஆசையில் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான் வம்பு. மண் மாவாகி, மழை பட்டதும் மேலே இறுகிவிடும். கத்தி எட்டாத ஆழத்திலும் கெட்டித்தட்டு உருவாகும்.

முதலில் கொக்கிக் கலப்பை, பிறகு ஒரே ஒரு முறை ரோட்டவேட்டர் போதும். கையில் பிடித்த மண்ணுருண்டை தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் ஓட்டுங்கள்.