கம்பெனி பஸ் வந்த பிறகு

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல டெலஸ்கோப் வெச்சுக் காட்டினியாமே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்றார். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். மேடைப் பேச்சு எனக்குக் கைவராத வித்தை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

என் ஊர் நாட்றம்பள்ளியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஏலகிரி அடிவாரத்தில் இருக்கிறது. நான் படித்த காலத்தில் வேலூர் மாவட்டம். 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மார்கழி, தை வந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் குளிர் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். தமிழ்நாட்டுச் சமவெளியில் குளிர் அதிகம் என்று வானிலைச் செய்தியில் சொல்லும் ஊர்களில் திருப்பத்தூர் பெயரும் அடிக்கடி வரும். ஜனவரி முதல் வாரத்தில் சூரியன் உதிக்கவே ஆறே முக்கால் ஆகும். ஆனால் கம்பெனி பஸ் சூரியனுக்காகக் காத்திருக்காது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் ஆறரைக்கெல்லாம் இருட்டில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நிற்பார்கள். திரும்பி வந்து இறங்கும்போது மறுபடியும் இருட்டு. பனிக்காலத்தில் அந்தத் தாய்மார்கள் தங்கள் வீட்டை வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

என் அம்மாவும் அப்படித்தான் போய் வந்தார். அப்பர் தைக்கும் வேலை. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டிக்குப் பரிசு வாங்கினேன். அம்மாவால் வர முடியவில்லை. ஒரு நாள் லீவு போட்டால் அந்த நாள் கூலியோடு மாதக் கடைசியில் தரும் வருகைப் படியும் போய்விடும். பந்தலைப் பிரிக்கும் நேரத்துக்கு டிபன் பையோடு வந்து கேட்டருகே நின்றார். "எங்க, திரும்ப ஒருதரம் சொல்லு" என்றார். நான் கோபத்தில் சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. "உங்க வீட்ல படிப்புல அக்கறை இல்லப்பா" என்று அன்றைக்கு ஒருவர் சொன்னார். நானும் அதை நம்பினேன்.

இப்போது அந்தப் பள்ளியில் முப்பத்தோரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் கூட்டம் வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் எங்கள் ஊர்த் தாய்மார்கள் தையல் மெஷின் முன்னால் இருப்பார்கள். நாலைந்து ஆயாக்கள் வந்து கைநாட்டு வைத்துவிட்டுப் போவார்களாம். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.)

ஊர்க்காரர்கள் பள்ளிக்குச் செய்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் 1958-லிருந்து ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை என்று ஜனங்கள் வாரிக் கொடுத்தார்கள். அப்போது கொடுத்தவர்களில் பலர் விவசாயிகள். அறுவடை முடிந்தால் கையில் நேரம் இருக்கும். ஷிப்ட் வேலைக்குப் போகிறவருக்கு அறுவடை ஏது, ஓய்வு ஏது?

2024 டிசம்பரில் நம் பேட்ச் நண்பர்கள் சிலர் சேர்ந்து, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்கித் தரலாம் என்று கொஞ்சம் பணம் திரட்டினோம். அளவு எடுக்க நான்தான் போனேன். தலைமையாசிரியை வெளிப்படையாகப் பேசுகிறவர். "சார், ஸ்வெட்டர் குடுங்க, வேண்டான்னு சொல்லல. ஆனா குளிருக்குப் பயந்து யாரும் நிக்கல. அஞ்சாவது படிக்கிற ஒரு பொண்ணு இந்த மாசம் பாதி நாள் வரல. அவங்க அம்மாகிட்டப் பேசலாம்னா எனக்கு ஆள் அகப்படமாட்டேங்குது" என்றார்.

"ராத்திரி கூட்டம் போட்டா என்ன டீச்சர்?" என்று கேட்டேன். "கம்பெனி விட்டு வந்து சோறாக்கணும். கூட்டத்துக்கு யார் சார் வருவாங்க?" என்றார். அப்போதுதான் டெலஸ்கோப் ஞாபகம் வந்தது. கல்லூரி முடித்து வேலைக்குப் போன புதிதில் வாங்கிய ஐந்து அங்குலத் தொலைநோக்கி. கல்யாணத்துக்குப் பிறகு பரண்மேல் ஏறிவிட்டது. (காரணத்தை முன் வரிசையில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

எங்கள் ஊர் வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏலகிரிக்கு அந்தப் பக்கம், நேர் கிழக்கே, ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வைணு பாப்பு அவர்கள் தேடிப் பிடித்த இடம். நகர வெளிச்சம் தொடாத மலை. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் தென்வானமும் நன்றாகத் தெரியும். 1968-ல் முதல் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கியும், ஆய்வகமும் பாப்பு அவர்களின் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் கழுவி விட்டாற்போல் தெளிந்துவிடும். மற்ற எதற்கும் ஆகாத மார்கழி இருட்டு இதற்கு மட்டும் வாகானது.

2025 ஜனவரி 4, சனிக்கிழமை. மறுநாள் லீவு. கம்பெனி பஸ் வந்து சேர்ந்து, ஒரு மணி நேரம் கழித்து என்று சொல்லியிருந்தோம். பிள்ளைகள்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். பத்துப் பேர் வந்தால் பெரிது என்று நினைத்தேன். நாற்பதுக்கு மேல் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் யூனிபார்ம் சேலைகூட மாற்றவில்லை. ஒரு அம்மா சோற்றுக் குண்டானோடு வந்து, மைதானத்திலேயே பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வானம் எங்களுக்கு ரொம்ப ஒத்துழைத்தது. மேற்கே வெள்ளி பளிச்சென்று நின்றது. அதற்கு மேலே பிறை நிலாவும் சனியும் பக்கத்துப் பக்கத்தில். தலைக்கு மேலே வியாழன். எட்டரை மணிக்கு ஏலகிரிக்கு மேலே செவ்வாய் செக்கச்செவேலென்று ஏறி வந்தது. வியாழனைச் சுற்றி வரும் நாலு நிலவுகளை வரிசையாகக் காட்டினேன். 1610-ல் இதே ஜனவரி முதல் வாரத்தில்தான் கலிலியோ அவற்றை முதலில் பார்த்தார் என்றேன். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு ஆயா மட்டும், "அதோ ஆறாமீன். அதை வெச்சுத்தான் நாங்க கவலை ஓட்ட எழுந்திரிப்போம்" என்று கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டினார். அவரைச் சுற்றித்தான் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். என் அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். சனியைப் பார்த்தார். அந்த வருஷம் வளையம் பக்கவாட்டில் திரும்பி, ஊசி மாதிரி ஒரு கோடுதான் தெரிந்தது. "இதுக்கா பரண் பூரா அடைச்சு வெச்சிருந்த?" என்றார்.

வரிசையில் நிற்கும்போதே டீச்சர் பேச்சை ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் அம்மா வந்திருந்தார். சத்தம் போடாமல்தான் சொன்னார். "நான் ஆறரைக்குப் போயிடறேன். சின்னவனுக்கு மூணு வயசு. அங்கன்வாடி திறக்கிற வரைக்கும் யார்கிட்ட விடறது? அதான் இவளை நிறுத்தறேன். எனக்கு மட்டும் ஆசையா?" அதற்குப் பிறகு நாலைந்து பேர் அதையே வேறு வேறு மாதிரி சொன்னார்கள். எங்கள் ஸ்வெட்டரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

வழி சொன்னதும் அவர்களில் ஒருவர்தான். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலைச் சிற்றுண்டி உண்டல்லவா? அதைச் சமைக்க மகளிர் குழுவைச் சேர்ந்தவர் விடியற்காலையிலேயே வந்து அடுப்பு மூட்டிவிடுகிறார். "கேட்டு அப்பவே திறந்துதானே டீச்சர் இருக்கு. ரெண்டு ஆயாவை முறை வெச்சு உக்கார வெச்சா, புள்ளைங்க அங்கயே இருக்காதா? சின்னதுங்களும் கூட இருக்கட்டும்" என்றார். நான் பன்னிரண்டு வருஷமாக இன்ஜினியர். எனக்கு இது தோன்றவில்லை. அந்த இடத்திலேயே ஆயாக்களின் பெயர் எழுதி, எந்தக் கிழமைக்கு யார் என்று முறை போட்டார்கள். தாய்மார்கள் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள். டெலஸ்கோப்பைத் திருப்புவதற்குக் காட்டிய டார்ச் வெளிச்சத்தில்தான் எழுதினோம். தாழ்வாரத்தில் இருந்த ட்யூப் லைட் எரியவே இல்லை.

ஸ்வெட்டர் பணத்தில் தாழ்வாரத்துக்கு இரண்டு எல்.இ.டி. விளக்கும், நாலு கோரைப் பாயும், பனிக்காற்றுக்கு ஒரு தார்ப்பாயும் வாங்கினோம். மீதிப் பணத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு மட்டும் ஸ்வெட்டர். பணம் கொடுத்த நண்பர்களுக்குக் கணக்கு அனுப்பிவிட்டேன்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பிப்ரவரியில் ஒரு ஆயாவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் முறை குலைந்துபோனது. ஒரு அம்மாவின் மாமியார், "நான் என்ன கூலிக்காரியா?" என்று கேட்டுவிட்டு வராமலே இருந்துவிட்டார். ஆனாலும் அந்தப் பெண், பொங்கல் லீவு முடிந்து பிப்ரவரிக் கடைசி வரைக்கும் இரண்டே நாள்தான் வரவில்லை என்று டீச்சர் வருகைப் பதிவேட்டைக் காட்டினார். ஐந்தாவதை முடித்து இப்போது நாட்றம்பள்ளிக்கு பஸ் ஏறிப் படிக்கப் போகிறாள்.

கூட்டத்தை இனிமேல் ராத்திரியிலேயே வையுங்கள் என்று தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். டீச்சர் வாணியம்பாடியிலிருந்து வருகிறவர். அந்த நேரத்தில் அவர் வீடு திரும்பப் பஸ் இல்லை. அன்றைக்கு என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். இந்தப் பனிக்காலத்தில் இரண்டு சனிக்கிழமை கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு நான் வந்துவிடுவேன். இன்னொன்றுக்கு எனக்கு ஷட் டவுன் வேலை இருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து காரில் வந்து அவரைக் கொண்டுபோய் விட யாராவது முடியுமென்றால், சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொல்லுங்கள். டெலஸ்கோப் அம்மா வீட்டில்தான் இருக்கிறது. திருப்பத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஊர்ப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.